ஒரு செடிக்கு ஓர் இலை

அனந்தலக்ஷ்மி: சாந்தாக்கா! கிடைச்சுடுத்து! இங்க, இந்த ஓடைப் பக்கம்... பெரிசு பெரிசா!

சாந்தாமணி: கத்தாத அம்மிணி. மான் ஓடுது பாரு. இரு, வாறேன்... இந்தச் சேறு வேற...

அனந்தலக்ஷ்மி: இதானே? கத்திரிக்கோலை எடுக்கட்டுமா?

சாந்தாமணி: கைய எடு மொதல்ல! இலையப் பாரு. எப்படி இருக்குது?

அனந்தலக்ஷ்மி: பச்சையா இருக்கு. அகலமா... மடிப்பு மடிப்பா, புடவைக் கொசுவம் மாதிரி.

சாந்தாமணி: கொசுவம் வெச்சிருந்தா அது வேற செடி. வெஷம். தின்னா எமர்ஜென்சி ரூம்ல போய்த்தான் படுக்கோணும்.

அனந்தலக்ஷ்மி: ஐயோ பெருமாளே! பார்சிப்பனிலேந்து இவ்வளவு தூரம் டிரைவ் பண்ணி வந்து, முதல் போணியே விஷமா?

சாந்தாமணி: நாம தேடற ராம்ப்ஸ், அதான் காட்டுப் பூண்டு, அதோட இலை வழவழன்னு இருக்கும் கண்ணு. கல்வாழை இலையச் சின்னதாக்குனாப்பல. அடித் தண்டு செவசெவன்னு. ஓடைக்குள்ள தேடாத, மேட்டுல ஏறு. அந்த மேப்பிள் மரமெல்லாம் இருக்குதல்ல, அதுக்குக் கீழ...

அனந்தலக்ஷ்மி: அங்க என்ன இரு... அக்கா!

சாந்தாமணி: பாத்துட்டியா?

அனந்தலக்ஷ்மி: அந்தச் சரிவு பூராவா? மரத்துல ஒரு இலை கூட வரல, கீழ மட்டும் எப்படி இத்தனை பச்சை!

சாந்தாமணி: மரம் தழைஞ்சு வெயில மறைக்கறதுக்குள்ள இது அவசர அவசரமா வந்துட்டுப் போயிரும். ஜூன்ல வந்து பாரு, இலையே காணாமப் போயிருக்கும்.

அனந்தலக்ஷ்மி: அதான் ஏப்ரல் வந்தா போதும், உங்காத்துல ஒரு மாசம் கொண்டாட்டமா இருக்கா! நகருங்கோ, நகருங்கோ...

சாந்தாமணி: மிதிக்காத! பொழக்கடைல நடக்கறாப்பல நடக்காத. இந்தக் கல்லு மேல கால வெச்சு வா. ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி, மோந்து பாரு.

அனந்தலக்ஷ்மி: ம்ம்... ஹா! பூண்டு! இல்ல இல்ல, வெங்காயம்... அக்கா, ரெண்டும்! ரெண்டும் சேர்ந்து வரது!

சாந்தாமணி: மொகத்தப் பாரு இவளுக்கு! லாட்டரி விழுந்தவளாட்டம்.

அனந்தலக்ஷ்மி: உங்களுக்கென்ன, கோபிச்செட்டிபாளையத்துல சின்ன வெங்காயத்தை மூட்டையா வாங்கிப் போட்டு வளர்ந்தவா. எங்கப்பா வெங்காயம்னு வாயால சொன்னாலே கொப்பளிச்சுட்டு வான்னு அனுப்புவார். நான் முதல் முதலா அதைத் தின்னதே உங்காத்து சாம்பார்லதான்.

சாந்தாமணி: தெரியும் தெரியும். 'இந்தச் சின்னச் சின்னதா மிதக்கறதே, இது என்ன அக்கா'ன்னு கேட்டுக்கிட்டே ஒரு குண்டா காலி பண்ணுன.

அனந்தலக்ஷ்மி: போங்கோக்கா... சரி, பறிக்கறேன். ஒண்ணு... ஆஹா, அடில குட்டியா வெள்ளைப் பூண்டே இருக்கு!

சாந்தாமணி: அடிப்பாவி! வேரோட பிடுங்கிட்டியே!

அனந்தலக்ஷ்மி: பின்ன? ஸ்ரீரங்கத்துல கீரைக்காரி வேரும் மண்ணுமாத்தானே கட்டு கட்டிக் கொண்டு வருவா?

சாந்தாமணி: அது தண்டுக்கீரை. இது அரைக்கீரையாட்டம்னு நெனைச்சுக்க. அறுக்கோணும், பிடுங்கக் கூடாது. குடு இப்படி... மறுபடி குழில வெச்சு மண்ண அமுக்கு. ஒரு செடிக்கு ஒரு இலை. அவ்வளவுதான். மிச்ச இலை அதுக்கு. கெழங்கத் தொடவே கூடாது.

அனந்தலக்ஷ்மி: ஒரே ஒரு இலையா? சரிவு பூரா கொட்டிக் கிடக்கே!

சாந்தாமணி: கொட்டித்தான் கெடக்குது. விதை விழுந்து இந்த உசரம் வர ஆறேழு வருசம் ஆகுமாம்.

அனந்தலக்ஷ்மி: ஆறேழு வருஷமா! அதுக்குள்ள நமக்கே கிரீன் கார்டு வந்துடும்!

சாந்தாமணி: அதையும் பாதில பிடுங்குனா கையில ஒண்ணும் இருக்காதல்ல? முன்னொருக்கா யாரோ மண்வெட்டியோட வந்து ஒரு பக்கத்தையே தோண்டிக்கிட்டுப் போயிட்டாங்களாம். அதா, அங்க மொட்டையாத் தெரியுது பாரு. இன்னும் மொளைக்கல. இது ஃபிராங்க்னு ஒரு பெரியவரோட ஃபார்ம். அதுக்கு அப்பறம் அவரு யாரையுமே உள்ள விடறதில்ல.

அனந்தலக்ஷ்மி: நம்மள மட்டும்?

சாந்தாமணி: எங்கூட்டுக்காரரோட ஃபிரெண்டு ஒருத்தரு கேட்டு பர்மிஷன் வாங்குனாரு. ஃபிராங்க்கும் அவரும் ஒரே ஆபீஸு. ஒரு கெழங்கு தோண்டுனாலும் கேட்டப் பூட்டிருவேன்னு கண்டிஷன்.

அனந்தலக்ஷ்மி: யாரு அந்த ஃபிரெண்டு? நம்ம தமிழ்ச் சங்கத்து ஆளா?

சாந்தாமணி: பேரு சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கறேன்.

அனந்தலக்ஷ்மி: பூண்டு பறிக்கறதுக்கு சத்தியமா! என்ன, சிஐஏல வேலை பார்க்கறாரா?

சாந்தாமணி: கண்டிஷன்காரர்னு வெச்சுக்கயேன். இந்த ஒரு செடிக்கு ஒரு இலை, அவரு போட்ட சட்டம்தான். கத்திரிக்கோலை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சியா, பெரிய செடியாப் பாத்தியா, ஒரே எடத்துல அறுத்தியா... எங்கூட்டுக்காரர உயிர எடுத்துருவாரு. வீட்டுக்கு வந்தும் ஒவ்வொரு இலையா வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான் சட்டில போடவே விடுவாரு.

அனந்தலக்ஷ்மி: எங்காத்துக்காரர் மாதிரின்னு சொல்லுங்கோ. இந்த ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலை வந்தாலும் வந்துது, ப்ரோக்ராமை மட்டுமா ஒவ்வொரு லைனா செக் பண்றார்? கொத்தமல்லிக் கட்டைக் கூட அப்படித்தான்.

சாந்தாமணி: க்ஹும்...

அனந்தலக்ஷ்மி: என்ன சிரிக்கறேள்?

சாந்தாமணி: தொண்டைல கொசு. நீ அறு.

அனந்தலக்ஷ்மி: ஆனா ஒண்ணு. அந்தக் கண்டிஷன்காரர் ஆம்படையா குடுத்து வெச்சவ. அவராவது சாப்பிடறாரே! எங்காத்துல கேக்கணுமா? இன்னிக்குச் சனிக்கிழமை. விடிஞ்சதும் விடியாததுமா கோயிலுக்குக் கிளம்பிட்டார். மடப்பள்ளில புளியோதரை கிளற வாலன்டியர் வேணுமாம். திரும்பி வந்தா யாரோடயும் பேச மாட்டார், நேரே குளியல். மடியாம்.

சாந்தாமணி: பாவம், ரொம்ப மடிக்காரரு. நீ என்ன சொல்லிட்டு வந்த?

அனந்தலக்ஷ்மி: உங்களோட கராஜ் சேலுக்கு, பழைய சாமான் வாங்கப் போறேன்னேன்.

சாந்தாமணி: பொய் சொல்லறதுல ஜோடிப் பொருத்தம்... அதாவது, நீ நல்லாத்தான் சொல்லறேங்கறேன்.

அனந்தலக்ஷ்மி: இன்னியோட சரி அக்கா. அதுக்குத்தான் இன்னிக்கு வந்தேன்.

சாந்தாமணி: எதுக்கு?

அனந்தலக்ஷ்மி: நாளைக்குப் புது ஆத்துல பால் காய்ச்சறோமோல்லியோ. புது அடுப்பு, புது சமையல் ரூம். அங்கயும் போய் நான் திருட்டுத்தனம் பண்ணிண்டு, உங்காத்துல தின்னுட்டு, கையில காபிப்பொடி தேச்சு அலம்பிண்டு...

சாந்தாமணி: காபிப்பொடியா?

அனந்தலக்ஷ்மி: அதைத் தேச்சாத்தான் பூண்டு வாசனை போறது. ஒரு ஸ்பூன்தான் எடுக்கறேன், ஆனா டப்பா என்னமோ மளமளன்னு காலியாறது. நல்லவேளை, அவர் ஒண்ணும் கேக்கல. உப்பைக் கூட அளக்கற மனுஷன், இதை மட்டும் கேக்கறதே இல்ல!

சாந்தாமணி: அதிசயம்தான் போ.

அனந்தலக்ஷ்மி: சிரிக்காதீங்கோ. நிஜமாத்தான் சொல்றேன். நாளைக்குப் பால் காய்ச்சி, நைவேத்யம் பண்ணிட்டு, மறுநாள் இந்த இலையை என் அடுப்புல, என் வாணலில வதக்கப் போறேன். அவர் முகத்தைப் பார்த்து, நான் சாப்பிடுவேன், நீங்க சாப்பிட வேண்டாம், ஆனா மறைக்க மாட்டேன்னு சொல்லிடப் போறேன்.

சாந்தாமணி: சொல்லிருவியா?

அனந்தலக்ஷ்மி: சொல்லிடுவேன்... ரெண்டு நாள் பேச மாட்டார். நாலு நாள் கூட ஆகலாம். தனியாச் சமைச்சுக்கறேன்னுட்டா? எங்கப்பாவுக்கு போன் பண்ணிட்டா? ஆனாலும் சொல்லிடுவேன்.

சாந்தாமணி: இந்த தைரியம் வந்துருச்சல்ல, அது போதும். வீடு எப்படி, புடிச்சிருக்குதா?

அனந்தலக்ஷ்மி: ஆத்துக்குள்ள ஒரு குறையும் இல்ல. பேக்யார்டுதான்... வெயிலே வராது. மூணு பெரிய மேப்பிள் மரம், ஈரம், சரிவு. புல்லு கூட மொளைக்காதுன்னு ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டே சொல்லிட்டா. டென்வில்ல அத்தனை வெயிலோட ஒரு வீடு பார்த்தோம், கறிவேப்பிலை கூட வெக்கலாம். 'இதான் வேணும்'னு ஒத்தக் கால்ல நின்னு இதை வாங்கினார். மழை பெய்யறப்போ குடை பிடிச்சுண்டு போய் மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கறார்.

சாந்தாமணி: ஓஹோ. அப்படியா சமாசாரம்...

அனந்தலக்ஷ்மி: என்ன ஓஹோ?

சாந்தாமணி: ஒண்ணுமில்ல. பையக் காட்டு, எவ்வளவு சேந்திருக்குது?

அனந்தலக்ஷ்மி: பாருங்கோ, ஜம்முனு! ஒவ்வொண்ணும் மோந்து பார்த்துத்தான் போட்டிருக்கேன். எல்லாம் கும்முனு வாசனை.

சாந்தாமணி: இரு... இது எங்க அறுத்த?

அனந்தலக்ஷ்மி: அந்த இடிஞ்ச சுவர்கிட்ட. ஏன்?

சாந்தாமணி: ரெண்டு இலையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுருட்டிக்கிட்டு ஒரே தண்டுல வருது பாரு. இது லில்லி ஆஃப் தி வேலி. பழைய வீட்டுத் தோட்டத்துல யாரோ பூவுக்கு வெச்சது, காட்டுக்குள்ள பரவிருச்சு. இதும் வெஷம், இருதயத்தையே புடிக்கும்.

அனந்தலக்ஷ்மி: ஆனா நான் மோந்து பார்த்தேனே! பூண்டு வாசனை வந்துதே!

சாந்தாமணி: வந்தது உன்ற கையிலிருந்து. நல்ல இலை நாலு கசக்குன கையில பிளாஸ்டிக் டப்பாவ மோந்தாலும் பூண்டு வாசந்தான் வரும். கையக் கழுவிட்டு மோந்து பாக்கோணும்னு அந்தக் கண்டிஷன்காரரு தலைப்பாடா அடிச்சுக்குவாரு. நாந்தான் உங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்.

அனந்தலக்ஷ்மி: ஐயோ, மத்த இலையோட இன்னும் எத்தனை கலந்திருக்கோ!

சாந்தாமணி: பயப்படாத. பையக் கொட்டு. அந்தப் பக்கம் அறுத்தது எதும் வேண்டாம். ஓடைல போய்க் கையக் கழுவிட்டு வா, ஒவ்வொண்ணாப் பாக்கலாம்... வந்துட்டியா? இது?

அனந்தலக்ஷ்மி: தனித்தனித் தண்டு, சிவப்பு... வாசனை இருக்கு. நல்லது.

சாந்தாமணி: இது?

அனந்தலக்ஷ்மி: இது... சுருட்டல். வாசனையே இல்ல! தூக்கிப் போடுங்கோ! அக்கா, இப்ப எனக்கே தெரியறது! பார்த்தேளா, நானே கண்டுபிடிச்சேன்!

சாந்தாமணி: அப்படித்தான். நீ பாஸு.

அனந்தலக்ஷ்மி: சரி, கிளம்பலாமா? அவர் கோயில்லேந்து வரதுக்குள்ள...

சாந்தாமணி: இருக்கலாம் இரு. என்ன அவசரம்?

அனந்தலக்ஷ்மி: கிளம்பலாம்னா 'இரு'ங்கறேள். யாருக்காகக் காத்துண்டிருக்கோம்? அக்கா... அங்க யாரோ வரா.

சாந்தாமணி: எங்க?

அனந்தலக்ஷ்மி: ஓடைக்கு அந்தப் பக்கம். மங்கி கேப் போட்டுண்டு. ஏப்ரல்ல மங்கி கேப்னா நம்ம ஊர்க்காரர்தான்!

சாந்தாமணி: கண்டிஷன்காரர்தான். எங்கூட்டுக்காரர் கூட வந்திருப்பாரு. எங்கவரு ஃபிராங்க்கோட நின்னு பேசிட்டிருப்பாரு.

அனந்தலக்ஷ்மி: ஆஹா, சட்டம் போட்டவரே வந்தாச்சா! அங்க பாருங்கோ, குனியறார்... ஒரு இலை. எழுந்துண்டு போய் ஓடைல கை அலம்பறார். மறுபடி ஒரு இலை... மறுபடி அலம்பல்! பூண்டு பறிக்கறதுக்குக் கூட மடி பார்க்கறாரே மனுஷன்! இவர் ஆம்படையா என்ன பாடு படறாளோ!

சாந்தாமணி: நல்லாப் பாரு.

அனந்தலக்ஷ்மி: அந்த ஜாக்கெட்... நீலத்துல மஞ்சள் கோடு போட்ட ஜாக்கெட்... அது நான் கராஜ் சேல்ல வாங்கினதாச்சே!

சாந்தாமணி: கல்லு மேல கால வெச்சுப் போ அம்மிணி. செடிய மிதிச்சா அவருக்குக் கோபம் வரும்.

அனந்தலக்ஷ்மி: ஏன்னா!

கஸ்தூரிரங்கன்: யாரு... லக்ஷ்மி? நீ... நீ கராஜ் சேல்னியே?

அனந்தலக்ஷ்மி: நீங்க கோயில்னேளே?

கஸ்தூரிரங்கன்: கோயில்... அது சீக்கிரம் முடிஞ்சுடுத்து.

அனந்தலக்ஷ்மி: புளியோதரை ஆயிடுத்தா?

கஸ்தூரிரங்கன்: ஆச்சே. நன்னா வந்திருந்தது.

அனந்தலக்ஷ்மி: பையில என்ன, பிரசாதமா?

கஸ்தூரிரங்கன்: இதுவா... இது ஒரு மாதிரி... மூலிகை.

அனந்தலக்ஷ்மி: கையை நீட்டுங்கோ. நீட்டுங்கோன்னா! ம்ம்... பூண்டு! கும்முனு பூண்டு வாசனை!

கஸ்தூரிரங்கன்: நான்சென்ஸ். அது உன் கையோட வாசனை. ஒரு இலையைக் கசக்கினாலே கையில ஒட்டிண்டுடும், அப்புறம் எதை மோந்தாலும் அதேதான் வரும். கையைச் சுத்தமா அலம்பிட்டுத்தான்...

சாந்தாமணி: அண்ணா...

கஸ்தூரிரங்கன்: இருங்க சாந்தாமணி, ஐடென்டிஃபை பண்ண ஒரு முறை இருக்கோல்லியோ... முதல்ல கையை அலம்பிட்டு...

அனந்தலக்ஷ்மி: ம், சொல்லுங்கோ. அலம்பிட்டு?

கஸ்தூரிரங்கன்: அலம்பிட்டு... மோந்து பார்க்கணும்.

அனந்தலக்ஷ்மி: கோயில் மடப்பள்ளில இதான் சொல்லிக் குடுக்கறாளா?

சாந்தாமணி: ரெண்டு பேரும் கல்லு மேலயே நிக்கறீங்க, நல்லதுங்க. செடி தப்புச்சு.

கஸ்தூரிரங்கன்: ஒரு நிமிஷம். லக்ஷ்மி, உன் கை ஏன் மணக்கறது?

அனந்தலக்ஷ்மி: ...மணக்கறதுன்னா மணக்கறதுதான். நான் சாப்பிடுவேன். ரொம்ப நாளா. சாந்தாக்கா ஆத்துல. நாளன்னிக்கு உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிடணும்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். இப்பவே சொல்லிட்டேன். கோச்சுக்கறதுன்னா கோச்சுக்கோங்கோ!

கஸ்தூரிரங்கன்: நீயா? நீ சாப்பிடுவியா?

அனந்தலக்ஷ்மி: ஏன், எனக்கு நாக்கு இல்லையா?

கஸ்தூரிரங்கன்: பொண் பார்க்க வந்தப்போ, 'எங்க பொண்ணு வெங்காய வாசனை வந்தா எழுந்து போயிடுவா'ன்னு உங்கப்பா சொன்னாரே! நீ கூடத் தலையை ஆட்டினியே!

அனந்தலக்ஷ்மி: பொண் பார்க்க வந்தா தலையைத்தான் ஆட்டுவா. பின்ன எழுந்து நின்னு வெங்காய பஜ்ஜி கேப்பாளா? உங்கம்மா மட்டும் என்ன சொன்னா? 'எங்க ரங்கனுக்குப் பெருங்காயம் தூக்கலா இருந்தாலே ஆகாது'ன்னா!

கஸ்தூரிரங்கன்: அம்மாவுக்குத் தெரியாது. காலேஜ் ஹாஸ்டல்லயே ஆரம்பிச்சாச்சு. கல்யாணத்துக்கு அப்புறம்... நீ கஷ்டப்படுவியேன்னு ஆத்துல விட்டுட்டேன்.

அனந்தலக்ஷ்மி: நீங்க கஷ்டப்படுவேளேன்னு நானும்! ஐயோ, ஏன்னா... அப்போ அந்தக் காபிப்பொடி?

கஸ்தூரிரங்கன்: அது... கையில தேச்சா வாசனை போயிடும்னு இவா ஆத்துக்காரர், மணியன்தான் சொன்னான்.

அனந்தலக்ஷ்மி: நான் ஒரு ஸ்பூன், நீங்க ஒரு ஸ்பூன்! வாய்க்குப் போனதை விட சிங்க்குக்குப் போனதுதான் ஜாஸ்தி! இருங்கோ... மூணு மேப்பிள் மரம், ஈரம், சரிவு... அதுக்காகவா அந்த பேக்யார்டு?

கஸ்தூரிரங்கன்: ஃபிராங்க் போன செப்டம்பர்ல ஒரு கை விதை குடுத்தார். ஃப்ரிட்ஜ்ல ரவை டப்பாக்குப் பின்னால வெச்சிருக்கேன். மண்ணுல போட்டா ரெண்டு வருஷம் வெளியிலயே தெரியாது. நமக்குன்னு சொந்தமா இருந்தா இங்க வந்து எடுக்கவே வேண்டாமே! என்ன, ஆறேழு வருஷம் காத்திருக்கணும்.

அனந்தலக்ஷ்மி: மொளைச்சு வந்தா எங்கிட்ட என்னன்னு சொல்றதா உத்தேசம்?

கஸ்தூரிரங்கன்: லில்லின்னு.

அனந்தலக்ஷ்மி: எனக்கு லில்லி தெரியும்! ரெண்டு இலையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுருட்டிண்டிருக்கும், வாசனை இருக்காது. கேளுங்கோ அக்காவை, நான் பாஸ்!

கஸ்தூரிரங்கன்: பாஸா? பையைக் காட்டு பார்க்கலாம்... ம்ம். தண்டு சரி. பெரிய செடியாத்தான் பார்த்திருக்கே. கிழங்கு ஏதாவது?

அனந்தலக்ஷ்மி: ஒண்ணே ஒண்ணு. மறுபடி நட்டுட்டேன்.

கஸ்தூரிரங்கன்: எங்க? காட்டு, மண்ணை நன்னா அமுக்கினியா?

அனந்தலக்ஷ்மி: வாங்கோ, காட்டறேன். ஏன்னா, திங்கட்கிழமை இதுல வத்தக்குழம்பு வெக்கட்டுமா? இல்ல, பகோடாவா?

கஸ்தூரிரங்கன்: ரெண்டும்! ஜன்னலைத் திறந்து வெச்சுண்டு!

அனந்தலக்ஷ்மி: எதுக்குத் திறக்கணும்? மூடிண்டுதான்!

கஸ்தூரிரங்கன்: ஆமா... ஒரு டவுட். நான் எப்பவும் ஞாயித்துக்கிழமைதான் இங்க வரது. பால் காய்ச்சறது இருக்கு, அதனால சனிக்கிழமை போலாம், பத்தரைக்குக் கரெக்டா அங்க இருக்கணும்னு மணியன்தான் போன் பண்ணினான்.

அனந்தலக்ஷ்மி: நான் கிளம்பலாம்னப்போ அக்கா இரு இருன்னா. சாந்தாக்கா! அந்தப் பக்கம் திரும்பிண்டா எப்படி? தெரிஞ்சேதான் பண்ணினேளா?

சாந்தாமணி: பொறவு என்ன பண்ணச் சொல்லற? வெசாழக்கெழமையானா நாலு மணிக்கு நீ வந்து, 'அக்கா, அவர்கிட்டச் சொல்லிடாதீங்கோ'ங்கற. ஆறு மணிக்கு அவரு வந்து, 'அவகிட்டச் சொல்லிடாதீங்க'ங்கறாரு. நடுவுல நான் உன்ற தட்டக் கழுவி ஒளிச்சு வெச்சு, அதே சாம்பார மறுக்காச் சூடு பண்ணி, இப்பத்தான் வெச்சேன்னு பொய் சொல்லி... என்னால ஆகல சாமி. நாளைக்குத்தான் புது அடுப்பு பத்த வெக்கறீங்கல்ல? இனி அங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து தின்னுங்க. அந்த மொதப் பகோடாவுக்கு என்னையும் எங்கூட்டுக்காரரையும் கூப்பிடுங்க. இத்தனை நாளா உங்கூட்டுல வெறும் தயிர்சோறு தின்னுட்டு 'ரொம்ப நல்லா இருக்குதுங்க'ன்னு சொன்னமே, அதும் பொய்தானுங்க.